பேர் தெரியாத மரங்களுக்கு எழுதிய நோய்

என் நர்சரிக்கு எதிரே, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையின் மறுபக்கத்தில் ஒரு நீர்மருது நின்றது. சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கையில் பெயிண்ட் டப்பாவோடு ஒருவர் அந்த மரத்தின் தூரில் எண் எழுதிக்கொண்டிருந்தார். ஹோஸை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

"என்ன அண்ணாச்சி, எதுக்கு நம்பர்?"

"சீசனுக்கு முன்னாடி சீக்கு மரத்தையெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்காவ. டூரிஸ்ட் மேல விழுந்துரக் கூடாதுல்லா."

"இது சீக்கு மரமா? யாரு சொன்னா?"

அவர் பிரஷ்ஷின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டைத்துண்டு கழன்று கீழே விழுந்தது. "பாத்தீயளா? தோலு உரியுது. பட்டுப்போகப் போகுது."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நீர்மருது வருடாவருடம் பட்டை உரிக்கும். மேல்தோல் தகடு தகடாக விழுந்து, அடியில் வெளிர்ப் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த புதுத்தோல் தெரியும். கொய்யா மரம் உரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் நகத்தால் மெல்லக் கீறிக் காட்டினேன். கீறிய இடத்தில் ஈரமும் பச்சையும் தெரிந்தன. "உயிருள்ள மரம் அண்ணாச்சி. நல்ல ஆரோக்கியமா இருக்கு" என்றேன்.

அவர் என்னையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "எனக்கு லிஸ்ட்டு குடுத்திருக்காவ. லிஸ்ட்டுல இருக்கு. நான் நம்பர் போடுதேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

மரப்பட்டையைப் பற்றி நான் பேசுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. கணவர் சுரண்டையில் காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி வந்தபோது மாமனார் வீட்டுக்கு முன்னால் சாலையோரம் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. அதில் பத்து ரோஜாப் பதியன் வைத்து ஆரம்பித்ததுதான் இந்த நர்சரி. செடி வாங்க வருகிறவர்கள் செடி வாங்குவதோடு நிற்பதில்லை. கேரி பேக்கில் இலையோ பட்டையோ போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, இது என்ன நோய்?" என்று கேட்பார்கள். தென்னையில் செம்பழுப்பாக நீர் வடிகிறது, மாவில் பிசின் கட்டுகிறது, பலாக் கிளையில் மழைக்காலத்தில் ரோஸ் நிறப் பூஞ்சாணம் படர்கிறது. தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் சொல்வேன். அதுதான் பிரச்சினை.

கீழப்பாவூரிலிருந்து ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் ஒருமுறை வந்தார். மாம்பட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் சாம்பலும் வெள்ளையுமாக வட்டவட்டமாகத் தேமல் போலப் படிந்திருந்தது. மரம் முழுக்க அப்படித்தான் இருக்கிறதாம். எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் கடையில் நின்றார்கள். "இது பரவுற சீக்கு. பக்கத்து மரத்துக்கும் போயிரும். எடுத்துருங்க" என்றேன். அவர் எடுத்துவிட்டார். வேலையில் சேர்ந்த வருடம் தன் கையால் வைத்த ஒட்டு மா என்று பிறகுதான் தெரிந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து விவசாயிகளுக்கான முகாம் ஒன்றில் பயிர் நோய் படித்த அம்மா ஒருவர் படங்கள் காட்டிப் பேசினார். திரையில் அதே தேமல். "இதப் பாத்து யாரும் பயப்படாதீங்க. இது நோயே இல்ல. பிரியாணிக்குப் போடுறோமே கல்பாசி, அதோட சொந்தக்காரன். பட்டை மேல சும்மா உக்காந்திருக்கும். மரத்துல இருந்து ஒரு சொட்டு கூட உறிஞ்சாது" என்றார். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மறுநாளே கீழப்பாவூருக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் அடிமரம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. போலீஸ்காரர் அதன்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். திட்டவில்லை. "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, தாயி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். முகாமில் பேசிய அந்த அம்மாவின் நம்பரை வாங்கி, பார்க்கிற பட்டையையெல்லாம் படம் எடுத்து அனுப்புவேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒரு பூதக்கண்ணாடியும் கொட்டாப்புளியும் எப்போதும் பையில் கிடக்கும். கொட்டாப்புளி என்பது மரத்தில் செய்த சுத்தியல். அடிமரத்தைச் சுற்றி வந்து தட்டினால், திடமான மரம் 'டொக்'கென்று சத்தம் தரும். உள்ளே அழுகிப்போன மரம் வெறும் பானையைத் தட்டினதுபோல முழங்கும். எந்த மரத்துக்கும் முதலில் பேரைக் கண்டுபிடிக்க வேண்டும், நோயைப் பிறகு பார்க்கலாம் என்று அந்த அம்மா சொல்வார். ஒரு மரத்துக்கு நோயாகத் தெரிவது இன்னொரு மரத்துக்குச் சுபாவமாக இருக்கும்.

எண் எழுதின அன்றைக்கே மதியம் மரம் வெட்ட உத்தரவு போட்ட அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். எங்கே போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அதிகாரிக்கு என் வயது இருக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நான் கேட்டதும் பட்டியலை எடுத்துக் காட்டினார்.

அந்தத் தாளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அப்படியே மாறி உடம்பெல்லாம் எரிந்தது. என் நர்சரிக்கு எதிரே நின்ற நீர்மருதை 'யூகலிப்டஸ், பட்டை உரிதல் நோய்' என்று எழுதியிருந்தார்கள். ஐந்தருவி போகிற வழியில் ஒரு வேங்கை உண்டு. அதில் யாரோ விளம்பரத் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். வேங்கையைக் காயப்படுத்தினால் ரத்தம் மாதிரி சிவப்பாகப் பிசின் வடியும். அது அந்த மரத்தின் இயல்பு. பட்டியலில் 'பெயர் தெரியவில்லை, ரத்தக் கசிவு நோய்' என்று இருந்தது. இலஞ்சிப் பக்கம் நின்ற இலுப்பையை 'மா, பட்டை வெடிப்பு நோய்' என்று போட்டிருந்தார்கள். இலுப்பையின் பட்டை வயதாக வயதாக வெடித்துத்தான் இருக்கும். காய்ந்த வயல்போல இருப்பதை வைத்துத்தான் அதைத் தூரத்திலிருந்தே சொல்ல முடியும்.

"சார், மரத்தோட பேரே தப்பா இருக்கு. பேரு தெரியாத மரத்துக்கு எப்படி சார் நோய் எழுதுனீய?"

"அம்மா, இது நாங்க எழுதல. சர்வே எடுக்கக் குடுத்திருந்தோம். அவங்க எடுத்துக் குடுத்தது."

"எடுத்தவங்க யாரு?"

அவர் பட்டியலை வாங்கி ஃபைலுக்குள் வைத்தார். சர்வே எடுத்ததும் மரத்தை ஏலத்தில் எடுத்திருப்பதும் ஒரே ஆளின் கையாட்கள் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. அது தெரிந்ததும் பட்டியலைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அதில் இருந்ததெல்லாம் நேரான, உருண்டு திரண்ட, பலகைக்கு ஆகிற மரங்கள். வளைந்த மரம் ஒன்றுகூட இல்லை. நோய் ஆள் பார்த்தா வரும்?

உண்மையிலேயே விழப்போகிற மரம் ஒன்று இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். அருவிக்குப் போகிற வழியில் வேன் நிறுத்துகிற திடலின் ஓரம் நின்ற தூங்குமூஞ்சி மரம் அது. பெரிய குடைபோல விரிந்து பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் தூரில், மண்ணை ஒட்டி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காளான்கள் அடுக்கடுக்காக முளைத்திருந்தன. மேலே பாலிஷ் போட்ட மாதிரி செம்பழுப்பு, விளிம்பில் வெள்ளை. அந்தக் காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேர் பல வருடமாக அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தூரைச் சுற்றி சிமெண்ட் போட்டு மூடியிருந்தார்கள். கொட்டாப்புளியால் தட்டிப் பார்த்திருந்தேன். மூன்று பக்கமும் பானைச் சத்தம்தான்.

"அது நல்லாத்தானம்மா இருக்கு. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கே" என்றார் அதிகாரி.

"இலை பச்சையாத்தான் சார் இருக்கும். கடைசி நாள் வரைக்கும் பச்சையாத்தான் இருக்கும். தண்ணி ஏறுறது பட்டைக்கு அடியில இருக்கிற ஓரத்துலதான். நடுவுலதான் ஒண்ணுமே இல்ல."

அவர் பேனாவை மூடினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பன்னெண்டு."

அவர் கேலியாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் அன்பாகச் சிரித்தார். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பாக்குறோம்."

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு மரத்தின் சரியான பேர், எது நோய், எது நோய் இல்லை, தூங்குமூஞ்சியை ஏன் முதலில் எடுக்க வேண்டும் என்று நாலு பக்கம். சீல் போட்டு ரசீது கொடுத்தார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொரு பிரதி கொடுத்தேன். அதற்கும் ரசீது கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து மிஷின் வாளோடு லாரி வந்து நர்சரிக்கு எதிரே நின்றது. நான் மரத்தடியில் போய் நின்றேன். கணவர் அன்றைக்கு லீவு போட்டு என்னோடு நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் கடைக்குள்ளிருந்தபடி பார்த்தார்கள். ஒருவர்கூட இறங்கி வரவில்லை. அவர்களில் பாதிப் பேர் கோடையெல்லாம் அந்த நிழலில் வண்டி நிறுத்தினவர்கள். போலீஸ் வந்து, உத்தரவைக் காட்டி, ஓரமாகப் போகச் சொன்னது. போனேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அடிமரம் சாய்ந்ததும் நான் ஓடிப்போய் அறுத்த முகத்தைப் பார்த்தேன். நடுவில் நல்ல பழுப்பு, சுற்றிலும் இளஞ்சிவப்பு. ஊசிமுனை அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. கையை வைத்தால் தண்ணீர் ஒட்டியது. சித்திரை வெயிலில், வெறும் கையில் தண்ணீர்.

"எங்க இருக்கு நோயி? காட்டுங்க. எனக்குக் கண்ணு தெரியல, நீங்க காட்டுங்க" என்று கத்தினேன்.

வாள் பிடித்திருந்தவர் மிஷினை அணைத்துவிட்டுத் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் தெரியும்க்கா. இருபது வருசமா மரம் அறுக்கேன். வாள் உள்ள போவும்போதே தெரிஞ்சிரும். என்ன செய்யச் சொல்லுதிய? நான் வரலன்னா வேற ஆளு வருவான்."

அவரிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. கணவர் அறுத்த முகத்தைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். சாயங்காலத்துக்குள் எத்தனையோ அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லது என்று ஒருவர் குறிப்பு போட்டிருந்தார். வேறு எவரும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் இலுப்பை போனது.

அதற்குள் சீசன் வந்துவிட்டது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் திடலில் வேன்கள் வரிசை கட்டின. தூங்குமூஞ்சி மரத்தடியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற பெண் ஒருத்தி உண்டு. என்னைவிடப் பத்து வயது இளையவள். எனக்குப் பழக்கம், என்னிடம்தான் கறிவேப்பிலைக் கன்று வாங்கி வீட்டில் வைத்திருக்கிறாள். அவளை மரத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் காளானைக் காட்டினேன், தட்டிக் காட்டினேன்.

"ஏட்டி, சத்தத்தக் கேளு. உள்ள ஒண்ணுமே இல்ல. காத்து வந்தா சாஞ்சிரும். கடைய அங்கன மாத்து."

"எங்கக்கா மாத்த? நெழலு இருக்கிற எடத்துலதான் வண்டி நிக்கும். வண்டி நிக்கிற எடத்துலதான் யாவாரம். ரெண்டு மாசந்தான் எங்களுக்குச் சோறு."

"உசுரு இருந்தாத்தான சோறு?"

"நீங்க எழுதிக் குடுத்தீயளே, ஆபீசர்மாரே ஒண்ணும் சொல்லலயே. அவிய படிச்சவிய. அவியளுக்குத் தெரியாதா?"

கோபத்தில் அவளைக் கண்டபடி பேசிவிட்டேன். அவளும் பேசினாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அவளே தள்ளுவண்டியைத் திடலின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என் பேச்சைக் கேட்டல்ல. முந்தின நாள் ஒரு சின்னக் கிளை முறிந்து பழக்கூடையில் விழுந்ததாம். அதைப் பார்த்து அவள் மாமியார் பயந்துவிட்டார்.

நான் ஓர் அட்டையில் 'இந்த மரம் விழும் நிலையில் உள்ளது. அடியில் நிற்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மரத்தில் சணலால் கட்டினேன். மறுநாள் காணோம். இன்னொன்று கட்டினேன். அதை அவிழ்த்துக்கொண்டிருந்த ஆளை நேரிலேயே பிடித்தேன். வண்டி நிறுத்த டோக்கன் கொடுக்கிறவர்.

"ஏங்க இத எடுக்கீய?"

"நீங்க பாட்டுக்குக் கெட்டிட்டுப் போயிருதீய. டூரிஸ்ட்டு பயப்படுதாவ. கெட்ட பேருல்லா?"

"மரம் விழுந்தா நல்ல பேரா?"

"விழுந்தாப் பாப்போம்" என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை.

ஆடி மாதம், நல்ல காற்று. பகல் பதினொரு மணி இருக்கும். நான் ரோஜாத் தொட்டிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தபோது பழக்கடைப் பெண் போன் செய்தாள். அவள் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "அக்கா, மரம்..." என்றாள். தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. மரம் வேரோடு சாயவில்லை. வேரே மிச்சம் இல்லை, சாய என்ன இருக்கிறது. மண்மட்டத்தில் முறிந்து மல்லாந்து கிடந்தது. முறிந்த இடத்தில் மரம் இல்லை. ஈரமான பஞ்சுபோல, வெள்ளையாக, கையால் பிய்த்து எடுக்கும்படி ஏதோ இருந்தது. இலையெல்லாம் பச்சை. அடியில் ஒரு வேன் நசுங்கிக் கிடந்தது. வந்த குடும்பம் அருவியில் குளித்துக்கொண்டிருந்தது. திருவேங்கடத்திலிருந்து அவர்களைக் கூட்டிவந்த டிரைவர் மட்டும் பின்கதவைத் திறந்து வைத்துக் காலை நீட்டிப் படுத்திருந்திருக்கிறார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கத்தவில்லை. வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த அலுவலகத்தின் அறிக்கை உள்ளூர்ச் செய்தியில் வந்தது. இயற்கைச் சீற்றத்தால் மரம் விழுந்தது என்று போட்டிருந்தார்கள். இயற்கை! காளான் கேட்டதா சிமெண்டைக் கொட்டி மூடு என்று? காற்றா என் அட்டையை அவிழ்த்தது? நான் இரண்டு ரசீதையும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். "மேல பேசுறேன்" என்றார்.

மேலே பேசியதன் விளைவு என்ன தெரியுமா? ஒரு வாரத்தில் அவரே நர்சரிக்கு வந்தார். கையில் புதுப் பட்டியல். குற்றாலத்தைச் சுற்றி உள்ள தூங்குமூஞ்சி மரங்கள் அத்தனையையும் வெட்ட முடிவாம். "நீங்க ஆர்வமா இருக்கீங்க. தன்னார்வலர்னு ஒரு கையெழுத்து போட்டா நல்லா இருக்கும்" என்றார். ஒரு மரத்தைப் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டார்கள். பார்க்காத பாவத்துக்கு அந்த இனத்தையே அழிப்பார்கள்.

"கையெழுத்து போட மாட்டேன் சார். என்னோட வாங்க. ஒவ்வொரு மரமா பாப்போம்" என்றேன்.

அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தோம். கொட்டாப்புளியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் கூச்சப்பட்டார், போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். ஆறேழு மரம் தட்டியபிறகு ஒன்றின் முன்னால் தானாகவே நின்று மறுபடி தட்டினார். "இது வேற மாதிரி கேக்குதே" என்றார். குனிந்து பார்த்தோம். சிமெண்டுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு காளான் எட்டிப் பார்த்தது.

கடைசியில் இரண்டு மரத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்று எழுதினோம். மற்றவை தப்பின. பழைய பட்டியலில் வெட்டாமல் மிச்சமிருந்த ஐந்தருவி வேங்கையும் தப்பியது. அதன் ஆணியை நானே பிடுங்கினேன். அதிகாரி கிளம்பும்போது, "அன்னைக்கே நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்" என்றார். "கேட்டிருந்தா ஒருத்தரோட காலு இருந்திருக்கும் சார்" என்றேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். எனக்கு விருப்பமில்லை.

புரட்டாசியில் அந்த டிரைவரைப் பார்க்கத் திருவேங்கடத்துக்குப் போனேன். அங்கே மழை இல்லை. பஸ் ஜன்னலில் புழுதி அடித்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி காப்பி கொடுத்தார். நஷ்டஈட்டுக்கு மனுப் போட என்னிடம் இருந்த ரசீதுகளையும் படங்களையும் பிரதி எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். காளான் வந்தது, தட்டிப் பார்த்தது, எழுதிக் கொடுத்தது, அட்டை கட்டினது எல்லாம்.

அவர் தாள்களைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சும் என்னிய அங்கன நிறுத்த விட்டீய?"

அவர் மனைவி, "என்ன பேசுதிய, அவியதான ஒத்தையில நின்னு..." என்று பதறினார். நான் அவரைப் பேச வேண்டாம் என்றேன். டிரைவர் கேட்டதில் தப்பு இல்லை. எழுதிக் கொடுத்தேன், ரசீது வாங்கினேன், அட்டை கட்டினேன். அட்டையை அவிழ்த்ததும், 'சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்' என்று வீட்டுக்கு வந்து ரோஜாவுக்கு உரம் போட்டேன். அந்த மரத்தடியில் நானே போய் உட்கார்ந்து ஒரு வண்டியையும் நிறுத்த விடாமல் செய்திருக்க முடியாதா? ஒரு நாளாவது?

மனு போட்டிருக்கிறோம். இன்னும் விசாரணை என்கிறார்கள். அவர் இப்போது வேன் ஸ்டாண்டில் போன் எடுத்துச் சவாரி எழுதுகிற வேலை பார்க்கிறார். தாள் ஏதாவது வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்வார். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இந்த வருடச் சீசனுக்கு முன்னால், எடுக்க வேண்டும் என்று நாங்கள் எழுதிய இரண்டு மரத்தில் ஒன்றை எடுத்தார்கள். மற்றது இன்னும் நிற்கிறது. ஏதோ கையெழுத்து பாக்கியாம். நான் எவரிடமும் கேட்காமல் நாலு கம்பு நட்டு, சிவப்புத் துணி சுற்றிய கயிறு கட்டிவிட்டேன். ஒரு வண்டிகூட உள்ளே போக முடியாது. வழியை மறிக்கிறேன் என்று டோக்கன்காரர் புகார் கொடுத்தார். ஒரு ஏட்டையா வந்து விசாரித்தார்.

"கயித்த அவுத்துருங்கம்மா. ஆபீசுல சொல்லிக்கிடலாம்."

"சொல்லிப் பாத்தாச்சு சார். அவுக்க மாட்டேன். கேஸ் போடுங்க."

அவர் மரத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேஸ் போடவில்லை. மரத்தை எடுக்கவும் ஏற்பாடு செய்யவில்லை. இந்த ஆடியில் மட்டும் இரண்டு முறை யாரோ கயிற்றை அறுத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அன்றைக்கே தென்காசிக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கிக் கட்டினேன்.